காப்புக் கட்டிய கையோடு

அயனம்பாக்கம்
12-2-1972

பஞ்சவர்ணத்துக்கு அண்ணி லோகநாயகி எழுதிக்கொள்வது. நீ, உன் வீட்டுக்காரர், குழந்தை மூன்று பேரும் சௌக்கியமா? இங்கே சௌக்கியம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. உயிரோடு இருக்கிறோம், அவ்வளவுதான்.

என் பெயரைப் பார்த்ததும் உனக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். உன் வீட்டுக்காரர் முன்னே வேலை பார்த்த பட்டாபிராம் டெப்போ வாசலில் நின்று, கெஞ்சிக் கூத்தாடி உன் ஜபல்பூர் விலாசத்தை வாங்கினேன். நாலு வருஷமாக இந்த வீட்டில் உன் பெயரை எடுக்காதவள் நான். என் தம்பிக்கும் உனக்கும் பாக்கு வெற்றிலை மாற்றின பிறகு நீ அந்த டெப்போ குவார்ட்டர்ஸ்காரரோடு போனாய். ஊர் உன்னைத் தலை முழுகியது. எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினது நான்தான். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. போய்விட்டதாகப் பொய் எழுதவும் மாட்டேன்.

ஆனால் உன் அண்ணன் உனக்கு என்னடி கெடுதல் செய்தார்? போன வாரம் கோர்ட்டில் அவருக்கு ஏழு வருஷம் போட்டுவிட்டார்கள். கார் ஓட்டிச் சம்பளம் வாங்கின முதலாளியின் மகளையே பள்ளிக்கூட வாசலிலிருந்து கடத்தினாராம். அவர் போட்டோ வராத பேப்பர் இல்லை. அம்பத்தூர் டீக்கடையில் அந்தப் பேப்பரில்தான் வடை மடித்துக் கொடுக்கிறான். நானே வாங்கிப் பிரித்தேன்.

ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போகிறோம். கூடப்பிறந்தவள் நீ. ஒரு வரி விசாரிக்கவில்லையே! ஊரில் எல்லாரும் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். எனக்கு ஆறுதல் வேண்டாம், என் புருஷன் வேண்டும்.

லோகநாயகி


ஜபல்பூர்
3-3-1972

அன்புள்ள அண்ணிக்கு பஞ்சவர்ணத்தின் நமஸ்காரம். நாங்கள் நலம். பேபிக்கு மூன்று வயது முடிகிறது, வாய் ஓயாமல் பேசுகிறாள். இங்கே குளிர் விட்டுவிட்டது. அரிசி கிடைப்பது கஷ்டம், சப்பாத்திக்குப் பழகிக்கொண்டோம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் விஷயம் தெரிந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. அம்மன் கைவிடமாட்டாள். வேறென்ன எழுதுவது என்று தெரியவில்லை.

ஒன்று கேட்கிறேன். அந்தக் குழந்தையைக் கொண்டுபோனது எந்தக் கிழமை, எந்த நேரம் என்று கோர்ட்டில் சொன்னார்கள்? அண்ணன் அப்போது எங்கே இருந்ததாகச் சொன்னார்? சும்மாதான் கேட்டேன்.

இப்படிக்கு
பஞ்சவர்ணம்


அயனம்பாக்கம்
11-3-1972

பஞ்சவர்ணத்துக்கு, பேபிக்கு என் முத்தம். அவள் என்னைப் பார்த்ததில்லை என்றாலும் கொடு.

சும்மாதான் கேட்டாயா? நல்ல சும்மா! சொல்கிறேன் கேள்.

போன ஆடி ரெண்டாம் வெள்ளிக்கிழமை, சாயங்காலம் பள்ளிக்கூடம் விடுகிற நேரம். ஆயா குழந்தையைத் தேடுவதற்குள் ஒருத்தன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். வெள்ளைப் பேன்ட் போட்ட முதுகைத்தான் அவள் பார்த்தாள். மறுநாள் காலையில் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் குழந்தை தனியாக அழுதுகொண்டு நின்றது. பயந்துபோய் விட்டுவிட்டு ஓடிவிட்டான் போலிருக்கிறது. யார் கூட்டிக்கொண்டு போனது என்று கேட்டால், “டிரைவர் மாமா” என்றது. அந்தக் குழந்தைக்குக் காரைத் தொட்டவன் எல்லாம் டிரைவர் மாமாதான். கோர்ட்டில் உன் அண்ணனைக் காட்டி இவரா என்றார்கள். தினமும் பார்த்த முகம் ஆயிற்றே, சிரித்துக்கொண்டே தலையை ஆட்டியது.

உன் அண்ணன் அந்த வாரம் வேலைக்கே போகவில்லை. தீ மிதிக்கக் காப்புக் கட்டியிருந்தார். மஞ்சள் வேட்டி, கையில் மஞ்சள் கயிறு. காப்புக் கட்டினவன் தீ மிதித்து முடிக்கிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜட்ஜுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஊர்ப் பெரியதனம் கஜபதி சொன்னார், கூடக் காப்புக் கட்டினவர்கள் சொன்னார்கள், நானும் கூண்டில் ஏறிச் சொன்னேன்: அன்றைக்கு முழுக்கக் கோயிலில்தான் இருந்தார், என் கண்ணால் பார்த்தேன் என்று. பார்க்கவில்லை. நான் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தேன். அதனால் என்ன? காப்புக் கட்டின மனுஷன் வேறு எங்கே இருப்பார்?

அப்புறம்தான் அம்பத்தூர் ஸ்டேஷன் சோடாக்கடைக்காரர் வந்தார். “மத்தியானம் ரயிலுக்கு ஓடினாரு, கையில காப்பு இருந்திச்சு” என்றார். ஊரே பொய் சொல்கிறது என்று அரசாங்க வக்கீல் குதித்தார். எங்கே போனாய் என்று கேட்டதற்கு உன் அண்ணன் வாயையே திறக்கவில்லை. அதோடு தீர்ந்தது. ஆயா சொன்ன வெள்ளைப் பேன்ட்டை அப்புறம் யார் நினைத்தார்கள்?

அந்தச் சோடாக்கடைக்காரரை நான் சும்மா விடப் போவதில்லை. பதில் போடு.

லோகநாயகி


அயனம்பாக்கம்
9-4-1972

பஞ்சவர்ணத்துக்கு, எல்லாரும் நலமா? பதில் வரும் வரும் என்று தபால்காரரைப் பார்த்துக் கண் பூத்துவிட்டது.

போன வாரம் வேலூர் ஜெயிலுக்குப் போய் உன் அண்ணனைப் பார்த்தேன். இளைத்துத் துரும்பாகிவிட்டார். உனக்குக் கடிதம் எழுதினேன் என்றேன். முகம் அப்படியே மலர்ந்தது. “பேபிக்கு காதுப் புண்ணு ஆறிப்பூட்ச்சாமா?” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. “எந்த காது? இன்னாய்யா சொல்ற?” என்றேன். அவ்வளவுதான், மனுஷன் முகம் செத்துவிட்டது. கூரை ஒழுகுகிறதா, ஆடு குட்டி போட்டதா என்று என்னென்னவோ கேட்டார். நேரம் முடிந்துவிட்டது என்று வார்டர் என்னைக் கிளப்பிவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்தேன். நாலு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாத தங்கச்சி. அவள் குழந்தையின் காதில் புண் வந்தது இவருக்கு எப்படித் தெரியும்? காது குத்தினால்தானே புண் வரும்? தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் நம்மில் எந்தக் குழந்தைக்கு அடி காது குத்துகிறோம்?

பஞ்சவர்ணம், என்னைச் சுற்றி வளைக்காதே. பேபிக்கு என்றைக்குக் காது குத்தினீர்கள்? கிழமையைச் சொல். நேரத்தைச் சொல். நான் கேட்பதும் சும்மாதான்!

லோகநாயகி


ஜபல்பூர்
28-4-1972

மதிப்பிற்குரிய சகோதரி அவர்களுக்கு, பாஸ்கரன் எழுதுவது. இவ்விடம் யாவரும் நலம். தங்கள் நலனைக் கோருகிறேன்.

தாங்கள் என் மனைவிக்கு எழுதிய கடிதங்களைப் படிக்க நேர்ந்தது. அவளுக்கு அன்று முதல் உடம்பு சரியில்லை. அழுதுகொண்டே இருக்கிறாள். இனி எழுத வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நான் மத்திய அரசு ஊழியன். ராணுவ டெப்போவில் வேலை. இவ்வளவு பிரபலமான கிரிமினல் வழக்கில் எங்கள் பெயர் அடிபட்டால் மேலதிகாரிகளுக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். மேலும் ஒன்று. கல்யாணம் ஆன நாள் முதல் தங்கள் ஊர் எங்களை மனிதர்களாகவே மதிக்கவில்லை. என் மகள் பிறந்தபோது யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது ஒரு தேவை வந்ததும் விலாசம் தேடிக் கண்டுபிடிக்கிறீர்கள். இது நியாயமா என்று தாங்களே யோசியுங்கள்.

தங்கள் துயரத்தில் பங்குகொள்கிறேன்.

பாஸ்கரன்


அயனம்பாக்கம்
5-5-1972

பாஸ்கரன் தம்பிக்கு அக்கா லோகநாயகியின் ஆசிகள். உங்கள் நலம் கேட்டுச் சந்தோஷம். என் நலத்தைக் கோர வேண்டாம், அது வேலூரில் கம்பி எண்ணுகிறது.

நீங்கள் எழுதினதில் பாதி நியாயம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். உங்களை ஊர் மதிக்கவில்லை. நானும் மதிக்கவில்லை. ஆனால் அந்த ஊரிலிருந்து ஒருத்தர் மட்டும் உங்கள் வீட்டு வாசப்படி ஏறினாரே, அவர்தானய்யா ஜெயிலில் இருக்கிறார்!

ஏறவில்லை என்று சொல்லப் போகிறீர்களா? பக்கம் நிறைய எழுதியிருக்கிறீர்கள். வேலையைப் பற்றி எழுதினீர்கள், மேலதிகாரியைப் பற்றி எழுதினீர்கள். ‘அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை’ என்று எழுதவில்லை. படித்த மனுஷன், பொய் எழுதக் கை வரவில்லை போலிருக்கிறது. அந்த மட்டில் உங்களுக்கு என் மரியாதை.

வேலைக்கு ஆபத்து என்கிறீர்கள். என் வீட்டில் வேலையும் போயிற்று, பெயரும் போயிற்று, ஆளும் போயிற்று. எழுதாதே என்றால் எழுதமாட்டேன், நேரில் வருவேன். ஜபல்பூர் எந்தத் திக்கில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ரயிலுக்குத் தெரியும். உங்கள் டெப்போ வாசலில் வந்து உட்கார்ந்தால் மேலதிகாரி தானாக வந்து விசாரிப்பார்.

பஞ்சவர்ணத்துக்குச் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுங்கள்.

லோகநாயகி


ஜபல்பூர்
21-5-1972

அன்புள்ள அண்ணிக்கு பஞ்சவர்ணம் எழுதுவது. உடம்பு தேவலை. இந்தக் கடிதத்தை அவருக்குத் தெரிந்துதான் எழுதுகிறேன். “எழுதப் போகிறேன், தடுக்காதீர்கள்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

அதே வெள்ளிக்கிழமைதான் அண்ணி. மறுநாள் ஜபல்பூருக்கு ரயில். இவ்வளவு தூரம் போய்விட்டால் எப்போது திரும்புவோமோ என்று, ஆடி என்றும் பார்க்காமல் பட்டாபிராம் குவார்ட்டர்ஸிலேயே பேபிக்குக் காது குத்த முடிவு செய்தோம். முந்தின வாரமே முதலாளி வீட்டு விலாசத்துக்கு அண்ணனுக்கு ஒரு கார்டு போட்டேன். வருவார் என்று நினைக்கவில்லை. பத்தர் ஊசியை எடுத்து வைத்துவிட்டு, “கொயந்தைய யார் மடியில குந்த வெக்கிறதும்மா?” என்று கேட்டார். பக்கத்து வீட்டு நாகவல்லி அக்காளின் புருஷனைக் கூப்பிடப் போனார்கள். அப்போது வாசலில் மஞ்சள் வேட்டியோடு அண்ணன் நிற்கிறார்!

“அண்ணாத்தே, காப்பு கட்டிக்கினு எல்லய தாண்டி வந்தியே” என்று நான் அழுதேன். “என் தங்கச்சி கொயந்த வேற எவன் மடியிலயோ குந்துமா? நகரு” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். விரதம் என்று வாழைப்பழம்கூடத் தொடவில்லை. பேபி அழுது ஓய்கிற வரைக்கும் தூக்கிக்கொண்டு நடந்தார். விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் கிளம்பினார். அந்தக் குழந்தையைக் கொண்டுபோன நேரத்தில் அவர் மடியில் என் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

போகும்போது பேபியின் தலைமேல் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கினார், காப்போடு வந்ததை யாரிடமும் சொல்லக் கூடாது என்று. அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியதனம் வீட்டு வேம்புலியம்மாள் அக்கா தீ மிதிக்கும்போது விழுந்தாள் என்று நாகவல்லி அக்கா எழுதினாள். இங்கே பேபிக்குக் காது சீழ் பிடித்து ஜுரம் வந்தது, அதை அந்த அக்கா மூலமாக அண்ணனுக்கும் சொல்லியனுப்பினேன். அம்மன் குற்றம்தான் என்று நடுங்கிப்போனேன். அண்ணனைப் பிடித்தபோதும், ஊரே சாட்சி சொல்லுகிறது, நீ வாயைத் திறக்காதே என்றுதான் நாகவல்லி அக்காளிடம் சொல்லியனுப்பினார். விட்டுவிடுவார்கள் என்றே நம்பினேன். தீர்ப்பை இவர் என்னிடம் சொல்லவே இல்லை, உங்கள் கடிதத்தில்தான் தெரிந்தது.

பெற்ற குழந்தை தலைமேல் செய்த சத்தியம் அண்ணி. நான் என்ன செய்வேன்?

பஞ்சவர்ணம்


அயனம்பாக்கம்
10-6-1972

பஞ்சவர்ணத்துக்கு, பேபி சுகமா? இப்போது காது ஆறிவிட்டதா?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன், சிரித்தேன், கடைசியில் உன் அண்ணன் மேல் வந்ததே ஒரு கோபம்! கட்டின பெண்டாட்டியிடம் சொல்லாமல் போயிருக்கிறார். சொல்லியிருந்தால் நான் விட்டிருக்கமாட்டேன். அது அவருக்குத் தெரியும்.

அம்மன் குற்றம் என்று இன்னொரு தரம் எழுதாதே. ஆடிக் காற்றில் காது குத்தி, மறுநாளே ரயில் புகையில் தூக்கிக்கொண்டு போனால் சீழ் பிடிக்காமல் என்ன செய்யும்? வேம்புலியம்மாளிடமே போய்க் கேட்டேன், ஏன் விழுந்தாய் என்று. “முந்தானைய சரியா சொருவல, கால்ல மாட்டிக்கிச்சு. அதுக்கு இன்னா இப்போ?” என்றாள்.

வக்கீல் குணசேகரனிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். துள்ளிக் குதித்தார். நீ, பத்தர், நாகவல்லி மூன்று பேரும் சொன்னால் புதுச் சாட்சி விசாரிக்கும்படி ஹைகோர்ட்டில் கேட்கலாமாம். ஆனால் முன்னே சொன்னது பொய் என்று நானும் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் பொய்ச்சாட்சி சொன்னதற்கு என்மேலேயே கேஸ் வரலாம், உள்ளே போக நேரிடும் என்றார். போகிறேன் என்றேன்.

விஷயம் எப்படியோ கஜபதி காதுக்கு எட்டிவிட்டது. வேம்புலியம்மாளின் புருஷன் அல்லவா, ஊர்ப் பெரியதனம் வேறு. வந்து நின்றார். “ஜெயில்ல கீறான், பரவால்ல, ஊர்ல பேரோட கீறான். காப்ப மீறினவன்னு வெளிய வந்தா இந்த ஊர்ல எவன் அவனுக்கு தண்ணி குடுப்பான்?” என்றார்.

“தண்ணி ஏரியில கீது. எவன் குடுக்கணும்?” என்றேன்.

ஆடிக்குள் வந்து சேர். சத்தியத்தைத் திருப்பித் தரச் சொல்லி உன் அண்ணனைக் கேட்டிருக்கிறேன்.

லோகநாயகி


வேலூர் ஜெயில்
25-6-1972

அன்புள்ள லோகநாயகிக்கு கன்னியப்பன் எழுதுவது. நான் நலம். நீ வேளைக்குச் சாப்பிடு. இங்கே படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

நீ நினைக்கிற காரியம் வேண்டாம். ஊர் என்னை நம்பிக் கோர்ட்டில் வந்து நின்றது. அவர்களைப் பொய்யர்கள் என்று காட்டிவிட்டு நான் வெளியே வரவா? உன்னை உள்ளே தள்ளிவிட்டு வரவா? பஞ்சவர்ணம் குடித்தனத்தைக் கெடுத்துவிட்டு வரவா? சத்தியம் சத்தியம்தான். ஏழு வருஷம் ஓடிவிடும். வந்து ஊரில் தலை நிமிர்ந்து நடப்பேன். இதற்குமேல் பிடிவாதம் செய்யாதே.

கன்னியப்பன்


அயனம்பாக்கம்
2-8-1972

அன்புள்ள மச்சானுக்கு லோகநாயகி எழுதுவது. நான் நலம், கால் மட்டும் கொஞ்சம் எரிகிறது. நீ நலமா?

உன் கடிதம் வந்தது. தலை நிமிர்ந்து நடப்பாயா? எப்படி? குழந்தையைக் கடத்தினவன் என்கிற பேரோடா? அந்தப் பேருக்குக் குனியாத தலை, தங்கச்சி வீட்டுக்குப் போனேன் என்று சொல்வதற்கா குனியப் போகிறது? நல்லா இருக்கிறதய்யா உன் நியாயம்!

பஞ்சவர்ணம் வந்துவிட்டாள். பேபியும் வந்திருக்கிறாள். பாஸ்கரன் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தார். சத்தியம் என்று இழுத்தாயே, அவளே சொல்லிவிட்டாள்: “அண்ணன் திருப்பித் தராட்டி போவட்டும், நான் உடைக்கிறேன். என் கொயந்த தலைக்கு ஒண்ணும் வராது.” மூன்று பேரையும் நம் வீட்டில்தான் தங்க வைத்திருக்கிறேன். முதல் நாள் நானும் அவளும் சண்டை போட்டுக்கொண்டோம். என் தம்பி விஷயம். சத்தம் ஏரிக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். அப்புறம் சேர்ந்து சமைத்தோம்.

இனிமேல்தான் விஷயம். இந்த ஆடிக்கு நான் காப்புக் கட்டிக்கொண்டேன். தீ மிதிக்கிறேன் என்று கோயிலில் போய் நின்றேன். கஜபதி முடியாது என்று மஞ்சள் கயிற்றைத் தட்டோடு நகர்த்திவிட்டார். வேம்புலியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். “போன வருஷம் உயுந்தது நான். வெந்தது என் காலு. நீ இன்னாத்துக்கு கூவற?” என்று புருஷனை அதட்டிவிட்டு, அவளே எடுத்து என் கையில் கட்டினாள்.

புதன்கிழமை வக்கீல் வரச் சொல்லியிருந்தார். ஊர் விழித்திருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் கிளம்பினேன். மஞ்சள் புடவை, கையில் காப்பு. ஒரு பக்கம் பஞ்சவர்ணம், மறுபக்கம் பேபியைத் தூக்கிக்கொண்டு பாஸ்கரன். நம் ஊர் எல்லை மதகுகிட்ட வரும்போது பின்னால் பாதி ஊர் நிற்கிறது. “லோகநாயகி, தாண்டாத! சொன்னா கேளு!” என்று கஜபதி கத்தினார்.

“தாண்டறேன். நல்லா பாத்துக்க பெரியதனம். கோர்ட்ல கேட்டா இந்த தபாவாவது பாத்தத சொல்லணும் இல்ல?” என்று சொல்லிவிட்டுத் தாண்டினேன். பயந்தேன் மச்சான். இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் தாண்டிவிட்டேன்.

பஞ்சவர்ணம், பத்தர், நாகவல்லி மூன்று பேரும் நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். நானும் போட்டேன். நான் முன்னே சொன்னது பொய், காரணம் இது என்று. வக்கீல் பேனாவைக் கொடுக்கும்போது, “யோசிச்சுக்கங்கம்மா” என்றார். பிடுங்கிக் கையெழுத்துப் போட்டேன். பிடித்து உள்ளே போட்டால் போடட்டும், ஒரே சர்க்கார் சோறு ரெண்டு பேருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை தீ மிதித்தேன். எல்லை தாண்டின காலாயிற்றே, என்ன ஆகிறதென்று பார்க்க ஊரே திரண்டிருந்தது. நடந்தேன். கொப்புளம் வந்தது. எல்லை தாண்டாத கஜபதியும்தான் மிதித்தார். அவருக்கு என்னைவிடப் பெரிய கொப்புளம். நேற்று ரெண்டு பேரும் ஒரே வைத்தியரிடம் மருந்துக்கு உட்கார்ந்திருந்தோம்.

நீ ஒருத்தன் தாண்டினால்தானே குற்றம்? இப்போது நானும் தாண்டியாயிற்று. ஒதுக்கினால் ரெண்டு பேரையும் சேர்த்து ஒதுக்கட்டும். உனக்கு மறைக்க இனி ஒன்றும் இல்லை. உன்னை விசாரிக்க வருவார்கள் என்று வக்கீல் சொல்கிறார். வாயைத் திற மச்சான். திறக்கவில்லை என்றால் நாங்கள் எல்லாரும் செய்தது வீண்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
லோகநாயகி


வேலூர் ஜெயில்
14-8-1972

அன்புள்ள லோகநாயகிக்கு கன்னியப்பன் எழுதுவது. காலில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள். பேபிக்கு என் முத்தம். பாஸ்கரன் தம்பியை விசாரித்ததாகச் சொல்.

உன் கடிதத்தை வழக்கம்போல வார்டர்தான் முதலில் படித்தார். அப்புறம், “அப்போ அந்தக் கொயந்தைய நீ தூக்கலையா?” என்று கேட்டார்.

பிடித்துக்கொண்டு வந்த நாளிலிருந்து இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. போலீஸ் எங்கே மறைத்து வைத்தாய் என்று கேட்டார்கள். வக்கீல்களும் ஜட்ஜும் ஊரில் இருந்தாயா இல்லையா என்று கேட்டார்கள். நம் ஊரில் கேட்கவே இல்லை. நீயும் கேட்கவில்லை.

“இல்லீங்க. என் தங்கச்சி ஊட்ல இருந்தேன். அவ கொயந்த என் மடியில தூங்கிக்கினு இருந்திச்சு” என்றேன்.

வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஜட்ஜிடமும் சொல்கிறேன்.

கன்னியப்பன்